எலிக்காய்ச்சல் வந்தது வாழைக்காரருக்கு, சீக்கு புடிச்சுக் கெடந்தது ஓடை: கல்குளம் பக்கத்து ஒரு கேஸ்

ஆளுக்கு நாப்பது தாண்டின வயசு, கன்னியாகுமரி ஜில்லா கல்குளம் தாலுகாவுல ஒரு குளத்தங்கரை ஊரு. சொந்தமா கொஞ்சம் வாழை விளை உண்டு, மிச்ச நாளு கூலிக்குப் போவாரு, சானல் வெட்டு, தேங்கா வெட்டு, கெடைக்குற வேலை எல்லாம். பேரு வேண்டாம், வாழைக்காரர்னே வச்சுக்குவோம். சுகர் பிரஷர் ஒண்ணும் கெடையாது, குடி கெடையாது. இதை முதல்லயே சொல்றதுக்குக் காரணம் உண்டு, கண்ணு மஞ்சளான உடனே ஊருல பாதி பேரு "குடிச்சுக் கெடுத்திருப்பான்"னு தீர்ப்பு எழுதிட்டாங்க.

ஐப்பசி மழை அடிச்சு ஊத்தின வாரம். குளம் நெறஞ்சு மறுகால் பாஞ்சு, ஓடை அடைச்சுக் கெடந்ததால தண்ணி வயலுக்குப் போகாம இவரு விளைக்குள்ள ஏறி நாலஞ்சு நாளு நின்னுச்சு. குலை தள்ளின வாழை எல்லாம் சாயுற நெலமை. முட்டு குடுக்கவும் வரப்பு வெட்டி தண்ணியை வடிக்கவும் முழங்கால் தண்ணியில காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னிருக்காரு. காலுல செருப்பு இல்லை, ரெண்டு குதிகாலும் பித்தவெடிப்பு, போதாததுக்கு வெட்டுக்கத்தி நழுவி கணுக்கால் கிட்ட ஒரு கீறலு. மஞ்சளை அப்பிட்டு மறுபடியும் எறங்கிட்டாரு. நம்ம ஊருல யாரு தான் எறங்க மாட்டா.

ஒன்பது பத்து நாளு கழிச்சு குளிர் காய்ச்சல். முதல் ரெண்டு நாளு மெடிக்கல் ஷாப் மாத்திரை, அதுல வலி மாத்திரையும் சேர்த்து குடுத்திருக்காங்க. மூணாம் நாளு பக்கத்துல ஒரு கிளினிக்ல டிரிப்ஸ், ரத்த டெஸ்ட். பிளேட்லெட் கொறைவு, அதனால டெங்குவா இருக்கும்னு பார்த்தாங்க, டெங்கு டெஸ்ட் நெகட்டிவ். அஞ்சாம் நாளு கண்ணு மஞ்சள். அதுக்கப்புறம் தான் கொடுமை, மஞ்சக்காமாலைன்னு சொல்லி வீட்டுல பச்சமருந்துக்கு கூட்டிட்டு போயிட்டாங்க, ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தி உப்பில்லாத பத்தியம், ரெண்டு நாளு. காமாலைன்னா கீழாநெல்லிங்குறது நம்ம ஜில்லாவுல ரத்தத்துல ஊறின விஷயம், அவங்களை மட்டும் குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்லை. ஆனா காமாலைங்குறது ஒரு அறிகுறி தான், அது எதனால வந்துச்சுன்னு பார்க்காம மருந்து குடுத்தா இப்படித்தான் ஆகும்.

ஏழாம் நாளு மூத்திரம் கொறஞ்சு கட்டன்காப்பி நெறத்துல ஒரு டம்ளர் கூட வரலை. அன்னைக்கு தான் பெரிய ஆஸ்பத்திரி. அங்க டூட்டியில இருந்த பொண்ணு டாக்டரு ரிப்போர்ட்டை எல்லாம் ஒதுக்கி வச்சுட்டு முதல்ல கேட்டது, "அண்ணன் என்ன வேலைக்குப் போறாரு?" சம்சாரம் வாழைன்னு சொல்லியிருக்கு. "தண்ணியில நின்னாரா?" நின்னாரு. உடனே ரெண்டு கெண்டைக்காலையும் அமுக்கி பார்த்திருக்காங்க, மனுஷன் கட்டிலை விட்டு எழும்பிட்டாரு, அவ்வளவு வலி. கண்ணு வெறும் மஞ்சள் இல்லை, வெள்ளையில ரத்தம் கட்டின மாதிரி செவப்பும் சேர்ந்து இருந்துச்சு, பீளை கெடையாது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் கருப்பு பொருக்கு இருக்கான்னு தேடினாங்க, அது இருந்தா உண்ணிக்காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ், அதுவும் நம்ம பக்கம் உண்டு. இல்லை. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே பென்சிலின் ஊசி ஆரம்பிச்சுட்டாங்க, அப்புறம் எலிக்காய்ச்சலுக்கான ரத்த டெஸ்ட், லெப்டோ ஐஜிஎம், பாசிட்டிவ் வந்துச்சு. கிட்னி ரெண்டும் சுணங்கி கெடந்ததால டயாலிசிஸ் ஓடுச்சு. ஆளு பொழச்சு வந்துட்டாரு, கிட்னியும் தேறிடுச்சு, ஆனா பழைய தெம்புக்கு வர மாசக்கணக்கு ஆச்சு.

மெடிக்கல் பக்கம் இவ்வளவு தான். அந்த விளையில அந்த வாரம் அந்தத் தண்ணிக்குள்ள கிருமி எப்படி வந்து நின்னுச்சுங்குறதை தான் நான் விரிவா எழுத நெனச்சேன்.

கிருமி எங்க இருந்து வருது

எலிக்காய்ச்சல் கிருமி பேரு லெப்டோஸ்பைரா. சுருள் சுருளா இருக்குற பாக்டீரியா. காமாலையும் கிட்னி கோளாறும் சேர்ந்து வர்ற இந்த முத்தின நோயை ஜெர்மன் டாக்டர் அடால்ஃப் வைல் 1886ல விவரிச்சாரு, கிருமியை 1915 வாக்குல ஜப்பான்காரங்க கண்டுபுடிச்சாங்க. உலகம் பூரா வருஷத்துக்கு பத்து லட்சம் பேருக்கு மேல வருது, கிட்டத்தட்ட 59 ஆயிரம் பேரு சாவுறாங்கன்னு 2015ல ஒரு பெரிய கணக்கு வந்துச்சு. எலிக்கு இது நோயே கெடையாது, அதுங்க கிட்னியில கிருமி சொகமா குடியிருக்கும், எலி பாட்டுக்கு ஓடி ஆடும், மூத்திரத்துல சொட்டுச் சொட்டா வெளிய விடும். மாடு, பன்னி, நாயும் சொமக்கும். ஈரமான நெழல் மண்ணுலயும் நல்ல தண்ணியிலயும் வாரக்கணக்குல உசுரோட இருக்கும், நல்ல வெயில் அடிச்சு மண்ணு காஞ்சா செத்துடும், உப்புத்தண்ணியும் அதுக்கு ஆகாது. மனுஷன் தோலுல கீறல், வெடிப்பு, கண்ணு, மூக்கு, வாய் வழியா உள்ள போகும்.

அப்போ இது வர்றதுக்கு நாலு விஷயம் ஒண்ணா கூடணும். எலி நெறைய இருக்கணும், தண்ணி வடியாம நிக்கணும், மண்ணு காயாம இருக்கணும், வெறுங்காலோட மனுஷன் எறங்கணும். கடைசி விஷயத்தை மட்டும் புடிச்சுட்டு "பூட்ஸ் போடுங்க"ன்னு போஸ்டர் ஒட்டுறோம். சேத்துல கம்பூட்ஸ் போட்டு நடந்து பார்த்தவங்களுக்கு தெரியும், பூட்ஸ் சேத்துல நிக்கும், காலு மட்டும் மேல வரும். மத்த மூணும் அந்த ஊரு நெலம் தண்ணி சம்பந்தப்பட்டது. அதை ஒவ்வொண்ணா பார்த்தா தான் கேஸ் புரியும்.

அந்த ஏலா, அதாவது வயல்வெளி, முன்னாடி எப்படி இருந்துச்சு

மடை பாக்குற ஒரு தாத்தா கிட்ட பேசினேன், எம்பது தாண்டினவரு. அவரு சொன்னதுல பாதி பழம்பெருமைன்னு கழிச்சாலும் மிச்சம் ரொம்ப முக்கியம். "மக்களே, இந்த ஏலா பூரா நெல்லு. கன்னிப்பூ அறுத்து கும்பப்பூ நட்டு, மாசி பங்குனியில வயலு காஞ்சு வெடிச்சு கெடக்கும், அந்த வெடிப்புக்குள்ள கை போகும், எலி வளையை அப்போ தான் வெட்டி எடுப்போம்." கன்னிப்பூ, கும்பப்பூன்னா ரெண்டு நெல்லுப் போகம். அதுக்கப்புறம் வயலு அப்படி காயுறது தான் ரகசியம். பேச்சிப்பாறை அணை 1906ல முடிஞ்சதுல இருந்து சானல்ல தண்ணி ஒரு கணக்குல வந்துச்சு, ஜூன் ஒண்ணாந் தேதி தொறக்குறது வழக்கம், அறுவடை முடிஞ்சா அடைப்பாங்க. ஆக வருஷத்துல சில மாசம் மொத்த ஏலாவும் சேர்ந்து ஒரே நேரத்துல காயும், வெயிலு நேரா மண்ணுல அடிக்கும். எலிக்கும் தீனி இல்லாத காலம், கிருமிக்கும் ஈரம் இல்லாத காலம்.

இப்போ அதே ஏலாவுல பாதி வாழை, கொஞ்சம் தென்னை, நடு நடுவுல பிளாட்டு. வாழையை நான் கொறை சொல்லலை, நெல்லுல கெடைக்காத காசு வாழையில கெடைக்குது, மட்டியும் ஏத்தனும் விக்குற ஊருல போய் நெல்லு போடுன்னு யாரு சொல்ல முடியும். ஆனா வாழை விளைன்னா வருஷம் பூரா ஈரம், வருஷம் பூரா நெழலு, காஞ்ச மட்டையும் சருகும் குமிஞ்சு கெடக்கும், பெருச்சாளிக்கு பங்களா கட்டிக் குடுத்த மாதிரி. பிளாட்டுக்காரங்க மண்ணு அடிச்சு மேடாக்கினப்போ ஓடையை மறிச்சு ஒரு சிமிட்டி பைப்பை போட்டு மேல ரோடு போட்டுட்டாங்க. அந்தப் பைப்பு வாயில ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைச்சா மேல இருக்குற தண்ணி எங்க போகும், பள்ளத்துல இருக்குற வாழை விளைக்கு தான் போகும். குளமும் தூர்ந்து போச்சு, முன்ன மாதிரி மழையை வாங்கி வச்சுக்க எடம் இல்லை.

இந்த ஜில்லாவுல 2011 கணக்குப்படியே சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கு மேல ஜனம். சுசீந்திரம் தேரூர் குளமும் வேம்பனூர் குளமும் 2022ல ராம்சர் லிஸ்டுல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்க பட்டியல்ல, ஏறிச்சு, ரொம்ப சந்தோஷம். ஆனா ராம்சர் போர்டு இல்லாத சின்னக் குளமும் ஓடையும் தான் இந்த ஜில்லாவுல நெறைய, அதுங்க கரையில தான் ஜனம் வேலை செய்யுது.

எலிக்கு சோறு போட்டது யாரு

ஓடைக்கரையில ராத்திரி பைக்குல வந்து சாக்குமூட்டை வீசிட்டு போறாங்க. கோழிக்கடை கழிவு. குடல், தோலு, தலை, ரெக்கை. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்து வண்டி வண்டியா வர்ற கழிவைப் பத்தி பேப்பர்ல வந்துட்டே இருக்கும், ஆனா இங்க பாதி உள்ளூர் சரக்கு தான், சும்மா எல்லாத்துக்கும் கேரளாவை கை காட்ட வேண்டாம். நான் போய் பார்த்தப்போ ஒரு சாக்கு கிழிஞ்சு கெடந்துச்சு, அதைச் சுத்தி ஈர மண்ணுல எலி காலடி கோலம் போட்ட மாதிரி, அங்க இருந்து கரைச்சரிவுல அஞ்சாறு வளை, ஒவ்வொண்ணு வாயிலயும் புது மண்ணு. அங்க இருந்து விளைக்கு பத்தடி இருக்குமா, அவ்வளவு தான். நாயும் கூட்டமா நிக்குது, அது வேற பிரச்சனை. மாட்டுக்கு போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால கழுகு எல்லாம் செத்து, அதுங்க தின்ன வேண்டிய பிணத்தை நாய் தின்னு பெருகி, வெறிநாய்க்கடியும் தண்ணிக் கேடும் கூடி, 2000ல இருந்து 2005க்குள்ள இந்தியாவுல கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் சாவு கூடுதலா நடந்திருக்கும்னு 2024ல ஒரு ஆய்வு வந்துச்சு. 2006லயே அந்த மருந்தை மாட்டுக்கு போடக்கூடாதுன்னு தடை பண்ணியாச்சு, ஆனா போன கழுகு திரும்பலை.

இங்க கழுகு இல்லை, ஆனா எலியைத் தின்னு கொறைக்குற வேலையை கூகை ஆந்தையும் சாரைப்பாம்பும் கீரியும் தான் பார்த்துச்சு. குளத்தங்கரையில ஒரு பொந்து விழுந்த பழைய மரம் இருந்துச்சாம், அதுல கூகை ஜோடி. சாவுக்குருவின்னு சொல்லி அதை வெரட்டினவங்களும் உண்டு, கடைசியில ரோடு அகலப்படுத்த மரத்தையே வெட்டிட்டாங்க. மலேசியாவுல எண்ணெய்ப்பனை தோட்டத்துக்காரங்க பொட்டி அடிச்சு வச்சு கூகையை வளர்க்குறாங்க, குஞ்சோட இருக்குற ஒரு ஜோடி வருஷத்துக்கு ஆயிரம் எலி கணக்குல தின்னும்னு சொல்லுவாங்க. சாரைப்பாம்பை பார்த்த எடத்துல அடிச்சுடுறோம், அது விஷம் இல்லாததுன்னு தெரிஞ்சவனும் அடிக்குறான். நரி ஊளை கேட்டு முப்பது வருஷம் ஆச்சுன்னு தாத்தா சொன்னாரு.

ஒரு விஷயம் நேர்மையா சொல்லிடணும். கூகை வந்துட்டா எலி போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தெனமும் சாக்கு சாக்கா கோழிக்கழிவு கெடைக்குற எடத்துல எலி குட்டி போடுற வேகத்துக்கு எந்தக் கூகையாலயும் ஈடு குடுக்க முடியாது. தீனியை நிறுத்தினா தான் வேட்டைக்காரனுக்கு வேலை எடுபடும். அதே மாதிரி இயற்கை நல்லா இருந்தா நோயே வராதுங்குறதும் கதை தான். பழைய காலத்துலயும் நெல்லு வயல்ல லெப்டோ உண்டு, பல நாட்டுல இதுக்கு வயல்காய்ச்சல்னே பேரு. அன்னைக்கு நோயைத் தடுக்குற ஒரு பூட்டு போனா இன்னொரு பூட்டு இருந்துச்சு, இன்னைக்கு எல்லா பூட்டும் ஒரே எடத்துல ஒண்ணா உடைஞ்சிருக்கு, அது தான் வித்தியாசம்.

அடிச்சுக் கொன்னா என்ன

கேஸ் வெளிய தெரிஞ்ச உடனே ஊரு மொத்தமும் எலி விஷம் வாங்க ஓடுச்சு. இங்க தான் கொஞ்சம் நிதானமா பார்க்கணும். கனடாவுல வான்கூவர் சிட்டியில சில பிளாக்குல மட்டும் எலியைப் புடிச்சு கொன்னு பார்த்தாங்க, 2018ல ரிசல்ட் வந்துச்சு. எலி கொறஞ்ச பிளாக்குல மிச்சம் இருந்த எலிங்க கிட்ட லெப்டோ இருக்குற வாய்ப்பு கொறையலை, கூடிடுச்சு. கூட்டம் கலைஞ்சா எலிங்க எடம் மாறும், சண்டை போடும், ஒண்ணுக்கொண்ணு கிருமி கைமாறும்னு காரணம் சொல்றாங்க. இன்னொண்ணு, ரத்தம் உறையாம பண்ற விஷத்தை தின்ன எலி உடனே சாகாது, தள்ளாடிட்டு வெளிய சுத்தும், அதைப் புடிச்சு தின்ன கூகையும் கீரியும் அதே விஷத்துல சாகும். காவலுக்கு நின்னவனையும் சேர்த்து கொல்ற வேலை.

வாவல், அதாவது வௌவால், கதையும் இதே தான். 2018 மே மாசம் கேரளாவுல கோழிக்கோட்டுப் பக்கம் வாவல் சொமக்குற நிபா வைரஸ் வந்து 17 பேரு போனப்போ எல்லை ஊரு களியக்காவிளை தாண்டி இந்தப் பக்கமும் பயம் பத்திக்கிச்சு, வாவல் அடையுற மரத்தை எல்லாம் வெட்டணும்னு பேச்சு வந்துச்சு. உகாண்டாவுல கிட்டாகா சுரங்கத்துல, வாவல் கிட்ட இருந்து தாவுற மார்பர்க் நோய் வந்தப்போ அங்க இருந்த வாவலை எல்லாம் கொன்னு ஒழிச்சாங்க, 2012ல பக்கத்துலயே பெரிசா நோய் வந்துச்சு, போய் பார்த்தா திரும்ப வந்து குடியேறின வாவல் கிட்ட கிருமி முன்ன இருந்ததை விட ரெண்டு மடங்குக்கு மேல. ஆஸ்திரேலியாவுல இதுக்கு நேர் எதிரா ஒரு விஷயம் தெரிஞ்சுது. ஹெண்ட்ரா வைரஸ், 1994ல பிரிஸ்பேன்ல குதிரை வழியா மனுஷனுக்கு வந்தது, நிபாவுக்கு பங்காளி. 25 வருஷ கணக்கை வச்சு 2022ல வந்த ஆய்வு, குளிர்காலத்துல பூக்குற காட்டு மரத்தை எல்லாம் வெட்டின பிறகு பசியில வாவல் குதிரை மேயுற எடத்துக்கு வந்து அடையுது, அந்த வருஷங்கள்ல நோய் தாவுது, மிச்சம் இருக்குற காடு நல்லா பூத்த வருஷம் வாவல் காட்டுக்கே திரும்பி போயிடுது, அப்போ நோய் தாவலைன்னு காட்டுச்சு. காட்டுல சோறு இருந்தா அது நம்ம வீட்டு முற்றத்துக்கு வராது. காவு, அதாவது கோயில் காடு, எல்லாம் அழிச்சு ரப்பரு வச்ச நம்ம மேற்குப் பக்கத்துக்கு இதுல யோசிக்க நெறைய உண்டு, வாவலுக்கு ரப்பர்ல என்ன கெடைக்கும்.

ஊருல என்ன நடந்துச்சு

ஹெல்த் இன்ஸ்பெக்டரும் நர்ஸம்மாவும் வீடு வீடா வந்தாங்க, ஓடைக்கரையில வேலை செஞ்ச வேற ரெண்டு பேருக்கும் காய்ச்சல் இருந்துச்சு, ஆரம்பத்துலயே மாத்திரை குடுத்ததுல சரியாச்சு. சேத்துல எறங்குறவங்களுக்கு டாக்சிசைக்ளின் குடுத்தாங்க, 2018 வெள்ளத்துல கேரளாவுல வாரம் ஒரு தடவைன்னு குடுத்தது இதே மாத்திரை தான். இதை தானா கடையில வாங்கி முழுங்காதீங்க, மாசமா இருக்குறவங்களுக்கும் சின்னப் பிள்ளைங்களுக்கும் ஆகாது, டாக்டரு சொல்லணும்.

அப்புறம் ஓடையை சுத்தம் பண்ண முடிவாச்சு, நூறு நாள் வேலையில. அங்க ஒரு கூத்து நடக்க இருந்துச்சு. கிருமி இருக்குதுன்னு தெரிஞ்ச அதே ஓடையில இருபது முப்பது பொம்பளைங்களை வெறுங்காலோட எறக்கி ஆகாயத்தாமரையை அள்ளச் சொல்லுறாங்க, மழை விட்டு ரெண்டு நாளு கூட ஆகலை. நர்ஸம்மா தான் நின்னு தடுத்தாங்க. "அக்கா, இன்னைக்கு யாரும் எறங்கக் கூடாது, முதல்ல பைப்பு வாயை ஜேசிபி வச்சு தொறக்கட்டும், தண்ணி வடிஞ்சு வெயில் அடிக்கட்டும், மாத்திரை போட்டுட்டு அடுத்த வாரம் எறங்குங்க." கூலி போயிடும்னு சண்டை வந்துச்சு, கடைசியில கரைமேல புல்லு வெட்டுற வேலையை முதல்ல குடுத்து சமாளிச்சாங்க. இந்த மொத்த கேஸ்லயும் எனக்கு ரொம்பப் புடிச்ச முடிவு அது தான், யாரும் பேப்பர்ல போடலை.

எலிக்கு விஷத்துக்கு பதிலா தஞ்சாவூர் கிட்டிங்குற எலிப்பொறி வச்சாங்க, மிச்சம் இருக்குற நெல்லு வயல்ல கூகை வந்து உக்கார டி மாதிரி கம்பு நட்டாங்க. வாழைக்காரர் மட்டையையும் சருகையும் விளைக்குள்ள குமிக்கிறதை விட்டுட்டாரு. கோழிக்கடைங்களை கிராமசபையில கூப்பிட்டு பேசினாங்க, ரெண்டு பேரு கழிவை வண்டிக்கு குடுக்க ஒத்துக்கிட்டாங்க, ராத்திரி வர்ற பைக்கு மட்டும் யாருதுன்னு இன்னும் புடிபடலை, கேமரா வைக்கணும்னு பேசிட்டு இருக்காங்க.

அடுத்த மழையில அந்த ஓடைப் பக்கம் யாருக்கும் வரலை. இதை வச்சு சாதிச்சுட்டோம்னு சொல்ல நான் தயாரில்லை, அந்த வருஷம் மழையும் சுமார் தான், தண்ணி விளைக்குள்ள ஏறவே இல்லை. பைப்பு இன்னும் அதே பைப்பு தான். அதை எடுத்துட்டு அகலமா கல்வெர்ட் போட எஸ்டிமேட் போயிருக்கு, பிளாட்டுக்காரங்க ரோட்டை தோண்ட விடமாட்டோம்னு நிக்குறாங்க. வாழைக்காரர் பள்ளத்துல இருக்குற வரிசையை எல்லாம் அழிச்சு இந்தப் போகம் நெல்லு போட்டிருக்காரு, நஷ்டம் தான், சம்சாரம் விடலை.